தண்டவாளத்துக்கு முன் ஒரு நேரசூசி

இவ்வாண்டு எங்கள் தமிழ் மன்ற விவாதத்துக்குத் தரப்பட்ட தலைப்பு, “தீவகத்தின் அபிவிருத்திக்கு இலகு ரயில் அவசியம்” என்பதாகும். ஓர் அணி அவசியம் என்றது. மறு அணி பணம் இல்லை என்றது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கில் அதற்கு மேல் எவராலும் போக முடியவில்லை. பணம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, தீவகத்து மக்களுக்கு உண்மையில் இல்லாமல் இருப்பது எது என்ற கேள்வி மேடைக்கு வரவேயில்லை. உயர்தரத்தில் புவியியல் கற்கும் மாணவி என்ற வகையில் அந்தக் கேள்விக்கு என் மனதில் பட்ட பதிலை இங்கே எழுத விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவகத்துக்கு இன்று முதலில் வேண்டியது, இருக்கின்ற பஸ்ஸையும் படகையும் சேர்த்துக் கட்டும் ஒரே நேரசூசி. எங்கள் வகுப்பறைச் சுவரில் பாட நேரசூசி ஒட்டியிருக்கிறது. கணிதம் முடிந்ததும் தமிழ் ஆசிரியர் வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான நேரத்தில் வந்தால் பாடசாலை எப்படி நடக்கும்? தீவகத்துப் பயணம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வேலணைத் தீவு. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வீதி நீள்கிறது. வேலணையிலிருந்து ஒரு கிளை ஊர்காவற்றுறைக்குப் போகிறது. மற்றது கடலுக்கு நடுவே போட்ட வீதி வழியாகப் புங்குடுதீவுக்குச் சென்று, அத்தீவின் மேற்கு முனையிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. 776 ஆம் இலக்கப் பஸ் ஓடுவது இந்த வீதியில்தான். நகரத்திலிருந்து குறிகாட்டுவான் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதற்கு அப்பால் வீதி இல்லை. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதுவும் திறந்த கடலில். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு போகிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒடுங்கிய கடல். அதைக் கடக்கப் ‘பாதை’ இருக்கிறது. எங்கள் பகுதியில் பாதை என்றால் வீதி மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். அந்தப் பாதை ஓடாத நாளில், கண்ணுக்கு முன்னே தெரியும் காரைநகருக்குப் போக யாழ்ப்பாண நகரம் வரை வந்து, பொன்னாலைப் பாலத்தால் சுற்றிச் செல்ல வேண்டும்.

இந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். தீவகத்தில் போக்குவரத்து வலையமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. குறிகாட்டுவான், ஊர்காவற்றுறை என்று இரண்டு பெரிய முடிச்சுகள் உள்ளன. நகரம், வேலணை, ஊர்காவற்றுறை, பாதை, காரைநகர், பொன்னாலை, மீண்டும் நகரம் என்று ஒரு வட்டமும் உள்ளது. இழைகள் இருக்கின்றன, முடிச்சுகள்தான் தளர்ந்து கிடக்கின்றன.

இனி இலகு ரயிலுக்கு வருவோம். பெரிய ரயிலை விடச் சிறிய, மின்சாரத்தில் ஓடும், நகரத்துக்குள்ளே அடிக்கடி நின்று செல்லும் ரயில் அது. ஒரு திசையில் மணிக்குப் பல ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும். சனம் நெருக்கியடிக்கும் நகரங்களுக்கு அது மிகவும் பொருத்தமானது. எங்கள் நாட்டிலேயே கொழும்பில் அதற்கு ஒரு திட்டம் இருந்தது. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர் நீளத்துக்கு, 16 நிலையங்களுடன், ஜப்பானியக் கடனுதவியில் அமைப்பதாக 2019 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடனின் வட்டி மிகக் குறைவு, திருப்பிச் செலுத்தும் காலம் 40 ஆண்டுகள். ஆட்சி மாறியது. செலவுக்கு ஏற்ற தீர்வு அல்ல என்று காரணம் கூறி 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. பல ஆண்டுகள் நிபுணர்கள் அளந்து வரைந்த திட்டம் ஒரு தீர்மானத்தோடு நின்றுபோனது. மாலபேயிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் அதே நெரிசலில்தான் நிற்கிறார்கள்.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தலைநகரத்துக்கே அந்தக் கதி என்றால், தீவகத்துக்கு இலகு ரயில் வரும் என்று காத்திருப்பது பிள்ளைகளின் படிப்புக் காலத்தை விலையாகக் கொடுத்துக் காத்திருப்பதாகும். அது மட்டுமல்ல. நெடுந்தீவின் சனத்தொகை நான்காயிரம் பேர் அளவில்தான் இருக்கும். ஓர் இலகு ரயில் பாதை அந்தத் தீவிலுள்ள எல்லோரையும் ஏறத்தாழ ஒரே மணி நேரத்தில் ஏற்றி முடித்துவிடும். மீதி நேரமெல்லாம் வெறுமையாக ஓடும் ரயிலுக்கு மின்சாரக் கட்டணம் கட்டுவது யார்? தவிர, ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் குறிகாட்டுவானில் நின்றுதான் ஆக வேண்டும். அங்கிருந்து படகைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் நேரம் எங்கே வீணாகிறது? ஒரு சிறிய கணக்குச் செய்து பார்ப்போம். நெடுந்தீவிலிருந்து வரும் படகு காலை 8 மணிக்குக் குறிகாட்டுவானை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக்கான பஸ் 7.55க்குப் புறப்பட்டுவிட்டது. அடுத்த பஸ் 9 மணிக்கு. ஐந்து நிமிடப் பிசகினால் பயணி ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கிறார். அந்தப் பஸ்ஸை 8.10க்கு மாற்றினால் அவருக்கு ஐம்பது நிமிடம் மிச்சமாகிறது. இப்போது அதே வீதியில் பஸ்ஸுக்குப் பதிலாக ரயில் ஓடுகிறது என்று நினையுங்கள். 30 கிலோமீற்றர் தூரத்தில் ரயில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்? அரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். கோடிக்கணக்கான பணத்தைக் கொட்டி வாங்கும் அரை மணி நேரத்தைவிட, ஒரு தாளில் ஓர் எண்ணை மாற்றி வாங்கும் ஐம்பது நிமிடம் பெரிதல்லவா?

இது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல. இந்த உண்மையை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு சுவிற்சர்லாந்து. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஊர்களைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் இன்று வாழும் நாடு அது. அங்கிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பலரும் ஆச்சரியத்தோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. மலைக் கிராமத்தின் சிறிய நிலையத்தில் ரயில் வந்து நின்றதும், வெளியே மஞ்சள் நிறத் தபால் பஸ் காத்துக்கொண்டிருக்குமாம். ரயிலில் வந்தவர்கள் ஏறியதும் அது புறப்படுமாம்.

அது தற்செயலாக நடப்பதில்லை. 1982 இல் அந்த நாடு முழுவதற்கும் ஒரே ஒழுங்கிலான நேரசூசியைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் ரயில் வரும். 8.02க்கு ஒன்று வந்தால் 9.02க்கும் 10.02க்கும் வரும். மனனம் செய்யத் தேவையில்லை. 1987 இல் அந்த முறையை விரிவாக்கும் பெருந்திட்டத்துக்கு மக்கள் வாக்களித்து அனுமதி கொடுத்தார்கள். அத்திட்டத்தில் ரயிலை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்று யாரும் முதலில் கேட்கவில்லை. அடுத்த ரயிலையும் பஸ்ஸையும் பிடிக்க எவ்வளவு வேகம் போதும் என்றுதான் கேட்டார்கள். சூரிச்சுக்கும் பேர்ணுக்கும் இடையிலான பயணத்தை 2004 டிசம்பரில் 56 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏன் 56? ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் மணிக்கு மணி புறப்படும் மற்ற ரயில்களை இறங்கி ஏறிப் பிடிக்க முடியும். முதலில் நேரசூசியை வரைந்தார்கள். பிறகு அந்த நேரசூசிக்குத் தேவையான இடத்தில் மட்டும் தண்டவாளம் போட்டார்கள். எங்கள் நாட்டில் நாங்கள் முதலில் கொங்கிறீற்றைப் போட்டுவிட்டு, பிறகுதான் பஸ் எப்போது வரும் என்று யோசிக்கிறோம்.

சுவிற்சர்லாந்து பணக்கார நாடு, எங்களோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரி, பக்கத்துக் கேரளத்துக்குப் போவோம். கொச்சி நகரைச் சுற்றிக் காயல்களும் தீவுகளும் உள்ளன. அங்குள்ள தீவு மக்களும் ஒரு காலம் வரை பழைய படகையும் கிடைத்த பஸ்ஸையும் நம்பியே இருந்தார்கள். 2023 ஏப்ரலில் அங்கே ‘நீர் மெற்றோ’ தொடங்கப்பட்டது. 10 தீவுகளை இணைக்க 38 இறங்குதுறைகளும் 78 படகுகளும் என்பது முழுத் திட்டம். கட்டம் கட்டமாகவே அதைச் செய்கிறார்கள். முதலில் திறந்தவை இரண்டு வழிகள் மட்டுமே. பற்றரியில் ஓடும் அந்தப் படகுகளைக் கொச்சிக் கப்பல் கட்டுந்தளத்திலேயே கட்டினார்கள். பெரிய படகில் 100 பேர் போகலாம்.

கொச்சியில் என்னைக் கவர்ந்தவை படகுகளைவிட வேறு இரண்டு விடயங்கள். ஒன்று, நகரத்தில் ஓடும் மெற்றோ ரயிலை நடத்தும் அதே நிறுவனத்திடம்தான் படகுத் திட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பும் இருந்தது. ஒரே அட்டையைக் காட்டி ரயிலிலும் ஏறலாம், படகிலும் ஏறலாம். மற்றது, இறங்குதுறை மிதக்கிறது. கடல் ஏறினாலும் வற்றினாலும் படகின் தளமும் துறையின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகலாம். எங்கள் இறங்குதுறைகளில் ஒரு வயோதிப மாதுவோ, பிள்ளைத்தாய்ச்சியோ, கைக்குழந்தையோடு வரும் தாயோ படகில் கால் வைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் பின்னால் தாங்க, படகு மேலும் கீழுமாய் ஆடும் அந்தக் கணத்தில் பார்த்துக்கொண்டு நிற்கும் எங்களுக்கே நெஞ்சு பதறும்.

கொச்சியை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அது அமைதியான காயல். எங்களுடையது சோளகம் வீசினால் கொந்தளிக்கும் கடல். நெடுந்தீவுக்கு ஓடும் படகு திறந்த கடலின் அலையைத் தாங்கும் படகாகவே இருக்க வேண்டும். ஆனால் நயினாதீவுக்கான வழி குறுகியது, பயணிகளும் அதிகம். நாகபூசணி அம்மன் கோவிலின் ஆனித் திருவிழாவுக்கும், நாகதீப விகாரைக்கும் நாடெங்கிலுமிருந்து சனம் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியையும் காற்றையும் சேர்த்து மின்சாரம் உண்டாக்கும் திட்டத்துக்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அந்த மின்சாரத்தின் ஒரு பகுதியில் நயினாதீவுப் படகு ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம். அது பிறகு செய்ய வேண்டிய வேலை. முதல் வேலை நேரசூசிதான்.

நான் நினைக்கும் திட்டத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பஸ்ஸுக்கும் படகுக்கும் ஒரே நேரசூசி. அதை வரையும்போது நகரத்திலிருந்து தொடங்கக் கூடாது, கடைசித் தீவிலிருந்து தொடங்க வேண்டும். நெடுந்தீவுப் படகு எப்போது பாதுகாப்பாகப் புறப்படலாம் என்பதைக் கடல் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்பக் குறிகாட்டுவான் பஸ்ஸை வைக்க வேண்டும். அதற்கேற்ப வேலணையில் ஊர்காவற்றுறைப் பஸ்ஸைச் சந்திக்க வைக்க வேண்டும். நெடுந்தீவுக்குள் ஓடும் பஸ்ஸும் படகைப் பார்த்தே ஓட வேண்டும். கடலின் நேரத்தை எங்களால் மாற்ற முடியாது, பஸ்ஸின் நேரத்தை மாற்றலாம்.

இரண்டாவது, காத்திருக்கும் விதி. படகு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்துகொண்டிருக்கும்போது பஸ் புறப்படக் கூடாது. பத்து நிமிடம் வரை காத்திருக்கச் சாரதிக்கு எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். இன்று ஒரு சாரதி இரக்கப்பட்டுக் காத்திருந்தால் நேரம் தவறியதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல மனதை நம்பி ஒரு பகுதியின் போக்குவரத்தை நடத்த முடியாது. அந்த நல்ல மனதையே விதியாக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, கடைசி இணைப்பு. நகரத்திலிருந்து மாலையில் புறப்படும் கடைசிப் பஸ் எந்த நேரம் என்பதுதான் தீவகத்துப் பெண்பிள்ளைகளின் படிப்பின் எல்லையைத் தீர்மானிக்கிறது. நான் செல்லும் பிரத்தியேக வகுப்புக்குப் புங்குடுதீவிலிருந்து ஒரு தோழி வருகிறாள். வகுப்பு முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே கொப்பிகளை அடுக்கிக்கொண்டு எழும்பிவிடுவாள். கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை ஆசிரியர் சொல்லித்தருவது அந்தக் கால் மணி நேரத்தில்தான். மறுநாள் என் கொப்பியைப் பார்த்து எழுதுவாள். எழுதலாம், ஆனால் சந்தேகம் கேட்க முடியாதே. அவளுக்காவது பஸ் இருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளைக்கு நகரத்தில் உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளையையே அப்படித் தங்கவைக்க முடியும் என்ற நிலையில் பல பெற்றோர் யாரைத் தெரிவு செய்வார்கள்? நான் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, ஒரே சீட்டு. மாணவர்களுக்கு இ.போ.ச. பஸ்ஸில் பருவகாலச் சீட்டு இருக்கிறது. ‘சிசு சரிய’ என்ற பாடசாலைப் பஸ் சேவையும் நாட்டில் உண்டு. ஆனால் தீவகத்து மாணவிக்குக் கடலும் பாடசாலைக்குப் போகும் வழிதான். அந்தச் சீட்டின் உரிமை இறங்குதுறையில் முடிந்துவிடாமல் படகிலும் தொடர வேண்டும்.

ஐந்தாவது, இறங்குதுறையில் நிழல், குடிநீர், பெண்களுக்கான சுத்தமான மலசலகூடம், மின்விளக்கு, சாய்தளம். இவை சிறிய விடயங்களாகத் தோன்றலாம். ஒரு மணி நேரம் ஆண்களின் கூட்டத்துக்கு நடுவே ஒதுங்க இடமின்றி நிற்க வேண்டியிருக்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், எது சிறியது எது பெரியது என்று சொல்லுவாள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதுகாப்பு. 2021 நவம்பர் 23 ஆம் திகதியை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பதிலாக ஓடிய மிதப்புப் பாதை காலையில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். சீருடையோடு போன பிள்ளை ஜனாஸாவாக வீடு திரும்பிய துயரத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. நெடுந்தீவு மக்களுக்கும் கடல் வழி துயரம் தந்திருக்கிறது. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் பயணம் செய்த அப்பாவிப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஒன்று கவனக்குறைவின் விளைவு, மற்றது யுத்தத்தின் கொடுமை. இரண்டையும் ஒன்றாக்க முடியாது. ஆனால் கடலைக் கடக்கும் ஏழை மனிதரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இரண்டு இடத்திலும் எஞ்சி நிற்கிறது. எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா, எந்தக் காற்றில் படகு ஓடக் கூடாது என்பவற்றை நேரசூசியின் அருகிலேயே பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். ஓடாத நாளில், ‘இன்று ஓடாது’ என்ற செய்தி மக்கள் வீட்டை விட்டுப் புறப்பட முன்னரே அவர்களுடைய கைபேசிக்கு வர வேண்டும்.

இவ்வளவு இலகுவானது என்றால் ஏன் இன்னும் நடக்கவில்லை? காரணம் பணமல்ல என்றே நினைக்கிறேன். இ.போ.ச. பஸ் மத்திய அரசின் கீழ். தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாணத்தின் அதிகார சபை. படகுகளில் சில அரச நிறுவனங்களுடையவை, சில தனியாருடையவை. வீதியும் பாதையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில். ஒவ்வொருவரும் தத்தமது வேலையைச் செய்கிறார்கள். ஒரு வாகனத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடைவெளி மட்டும் எவருடைய பொறுப்பிலும் இல்லை. பயணி தவிப்பது அந்த இடைவெளியில்தான். கொச்சியில் செய்தது அந்த இடைவெளியை ஒருவரின் பொறுப்பில் ஒப்படைத்ததே. எங்கள் மாவட்டச் செயலகத்தில் இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்தி, ஓர் உத்தியோகத்தரை அதற்குப் பொறுப்பாக்கினால் போதும்.

பயணிகள் குறைவு, நட்டம் வரும் என்பது அடுத்த ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பயணிகள் ஏன் குறைவு என்பதையும் கேட்க வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாதவர் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். வாங்க முடியாதவர் பயணத்தையே குறைத்துக்கொள்கிறார். பிள்ளையின் படிப்புக்காகத் தீவை விட்டு நகரத்தில் வாடகை வீடு எடுத்த குடும்பம் திரும்பிப் போவதில்லை. சனம் குறையச் சேவை குறைகிறது, சேவை குறையச் சனம் இன்னும் குறைகிறது. யுத்தம் வெறுமையாக்கிய வீடுகள் இப்படித்தான் சமாதானத்திலும் பூட்டியே கிடக்கின்றன.

இதை எங்கள் சமூகத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோன ஆண்டு 1990. எங்கள் பெரியவர்கள் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டதும் அதே ஆண்டின் ஒக்டோபரில். 2014 ஒக்டோபர் 13 இல் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. மனிதர்கள் அப்படி ஒரே நாளில் திரும்பி வந்துவிட முடியுமா? என் வாப்பாவின் சகோதரர்களில் ஒருவர் இன்றும் புத்தளத்தில். ஊருக்கு வர விருப்பம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தொழில், வைத்தியசாலை என்று ஒவ்வொன்றாய்க் கணக்குப் பார்த்தே அவர் தயங்குகிறார். மீள்குடியேற்றம் என்பது வீட்டுக்குக் கூரை போடுவதோடு முடிவதில்லை. அந்த வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டுப் போகவும் மாலையில் பத்திரமாய்த் திரும்பி வரவும் முடிந்தால்தான் அது வீடு. புத்தளத்துப் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்ற எங்களுக்கு, குறிகாட்டுவானில் காத்துக்கொண்டு நிற்கிறவரின் மனம் விளங்க வேண்டும்.

இலகு ரயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாண நகரம் வளர்ந்து வருகிறது. ஒரு நாள் நல்லூர், கொக்குவில், சுன்னாகம் பக்கங்களில் அதற்குத் தேவை வரலாம். அப்போதும் அது பஸ்ஸோடும் படகோடும் பொருந்தி ஓடினால்தான் பயன் தரும். இன்று வரையும் நேரசூசி அன்றைய ரயிலுக்கும் அத்திவாரமாகும். எந்த வழியில் எத்தனை பேர், எந்த நேரத்தில் போகிறார்கள் என்ற கணக்கு அப்போது கையில் இருக்கும். அந்தக் கணக்கு இல்லாமல் போடும் எந்தத் திட்டமும் தேர்தல் மேடைக்கு மட்டுமே உதவும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் பேசுகிறவர்கள், பிரதேச சபைகளில் இருக்கிறவர்கள், பஸ் சங்கங்களோடு தொடர்புடையவர்கள் உங்களில் இருக்கக்கூடும். தயவுசெய்து பெரிய திட்டம் எதையும் கேட்காதீர்கள். குறிகாட்டுவானிலும் ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலும் ஒரே பலகையை வைக்கச் சொல்லுங்கள். அதில் படகின் நேரமும் பஸ்ஸின் நேரமும் பக்கத்தில் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதத் தொடங்கியதுமே இரண்டும் பொருந்தவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். திருத்தம் அங்கிருந்து தொடங்கும்.

தோழிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிரத்தியேக வகுப்புக்குத் தீவகத்திலிருந்து வருகிறவர்களிடம் கேளுங்கள்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாய், எந்தப் பஸ்ஸைத் தவறவிட்டாய்? ஒரு மாதம் அதைக் கொப்பியில் குறித்து வைப்போம். புவியியல் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. அடுத்த விவாதத்தின் போது அந்தக் கொப்பி எங்கள் கையில் இருக்கட்டும். அதன் பிரதி ஒன்று மாவட்டச் செயலகத்துக்கும் போகட்டும்.